லோடர் டயர் வார்ப்பு அச்சு ஏன் பிசுபிசுத்தது

மண் அள்ளும் நிஜ வீல் லோடரின் 23.5-25 அளவு டயர் சுமார் 1.6 மீட்டர் உயரம், 1:14 மாடலில் 115 மில்லிமீட்டர் வரும். அந்த அளவில் ஒழுங்கான டயர் சிக்காததால் ரெசின் 3D பிரிண்டரில் மாதிரி ஒன்று எடுத்து, வார்ப்பு அச்சு செய்ய அதன்மேல் பிளாட்டினம் வகை சிலிக்கோனை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) ஊற்றினேன். இறுகவே இல்லை. கலவையை மறுபடி எடைபோட்டேன், சூடு காட்டினேன், கூடுதல் நேரம் விட்டேன், ம்ஹூம். அப்புறம்தான் கவனித்தேன்: வெளிப்பக்கம் கெட்டியாக இருக்கிறது, ரெசினைத் தொட்ட இடம் மட்டும், அதுவும் டயர் பட்டைகளின் இடுக்கில், கூழ். கலவையில் குறையில்லை, ரெசினில் மிச்சமிருந்த ரசாயனம்தான் பிளாட்டினத்தை வேலை செய்யவிடவில்லை. டின் (வெள்ளீயம்) வினையூக்கியால் இறுகும் சிலிக்கோனுக்கு மாறினேன், மறுநாள் அச்சு சுத்தமாக உரிந்து வந்தது, அப்பாடா! அதில் யூரித்தேன் ரப்பரை ஊற்றும்போது அச்சைக் கொஞ்சம் சாய்த்து மெல்லிய இழையாக விடுங்கள், இல்லையென்றால் பட்டை முனைகளில் குமிழி நிற்கும்.