ஒரே புரதம், 7 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசம்

ஈ.கோலை பாக்டீரியாவின் அடினைலேட் கைனேஸ் என்ற நொதி: புரத வடிவங்களைச் சேமிக்கும் பிடிபி தரவு வங்கியில் திறந்த வடிவத்தின் குறியீடு 4ஏகேஇ, மூடியது 1ஏகேஇ. புரதங்களை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் ஆர்எம்எஸ்டி (அணுக்களின் சராசரி விலகல்) சுமார் 7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு)! அதே 214 அமினோ அமிலங்கள்தான். கோப்பை மாற்றி இறக்கிவிட்டேனோ என்று இரண்டு முறை பார்த்தேன்.

தப்பு என் பொருத்தலில். மொத்தமாக இழுத்துப் பொருத்தினால் எந்தப் பகுதியும் சரியாக உட்காராது. நடுவிலுள்ள கோர் பகுதியை (அமினோ அமில எண்கள் 1–29, 68–117, 161–214) மட்டும் தேர்ந்தெடுத்தேன், கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. லிட், என்எம்பி என்ற இரண்டு அசையும் பகுதிகள் கதவு சாத்தியதுபோல மடங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. மூடிய வடிவத்தில் நொதியின் வேலையைத் தடுக்கும் ஏபி5ஏ என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறதே!

அப்புறம் லிட்டைத் தனியாகப் பொருத்தினேன். உள்ளமைப்பு பெரிதாக மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

இன்னொன்று: பைமாலின் அலைன் கட்டளை ஒத்துவராத அணுக்களைத் தானே கழித்துவிட்டு ஆர்எம்எஸ்டியைக் குறைத்துக் காட்டும். அப்படிக் கழிக்காமலிருக்க, கட்டளையில் சைக்கிள்ஸ்=0 கொடுத்துவிடுங்கள்.