மச்சாள் வீட்டுக் கணினியைத் துப்புரவாக்கிய விதம்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கும் என் மச்சாளின் வீட்டுக் கணினியில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், தேநீர் போட்டு, ஆற்றிக் குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் படங்கள் வரிசையாகத் தோன்றியிருக்கும். அவளுடைய மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கடந்தகால வினாத்தாள்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. "புதிது வாங்கச் சொல்கிறார்கள், மச்சாள். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்" என்று அழைத்தாள். கல்லடியில் பஸ் ஏறும்போது என் பையில் ஒரு சிறிய திருப்புளி, ஒரு பெயின்ட் தூரிகை, ஓர் அழிறப்பர், 1 டெராபைட் வெளிவட்டு (கணினிக்கு வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க்) ஒன்று, அவ்வளவுதான் இருந்தன.

முதலில் வெளிவட்டைத்தான் எடுத்தேன். சுனாமி வந்தபோது நாங்கள் கரையோர நாவலடியில் குடியிருந்தோம். 2004 டிசம்பர் 26க்கு முந்திய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவின் கல்யாணப் படமும் கடலோடு போயிற்று. ஆகவே, படங்களும் பாடக்குறிப்புகளும் இன்னோர் இடத்தில் பத்திரமாகச் சேரும் வரை எவருடைய கணினியிலும் நான் ஒரு கோப்பையும் அழிப்பதில்லை. நகல் எடுத்தால் மட்டும் போதாது. வெளிவட்டில் பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து, அவை சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நகல் எடுக்கும்போது கணினிக்குள் இருக்கும் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) 'டக், டக்' என்று சத்தமிட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முக்கியமானவற்றை மட்டும் முதலில் காப்பாற்றுங்கள். அந்தத் தட்டின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

அடுத்து, எது கணினியை இழுத்துப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். மச்சாளின் கணினியில் நினைவகம் (ரேம்) 4 ஜிபி. அதில் பெரும்பகுதி நிரம்பியிருந்தது. 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நின்றது. மையச் செயலியோ (சிபியு) சும்மா இருந்தது. தட்டிலிருந்து தகவல் வந்து சேராததால் மற்றவையெல்லாம் காத்துக்கிடந்தன. 500 ஜிபி வன்தட்டு விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் தெரியும். அதில் 11 ஜிபிதான் மிச்சம். தற்காலிகக் கோப்புகளுக்கும் புதுப்பிப்புகளுக்கும் கணினிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். பத்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருப்பது நல்லது.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று விண்டோஸே காட்டும். அங்கே 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து, பழைய புதுப்பிப்புகளின் மிச்சங்களையும் தற்காலிகக் கோப்புகளையும் 'தம்ப்நெயில்ஸ்' என்ற சிறுபடங்களையும் (முன்னோட்டத்துக்காக விண்டோஸ் தானே உருவாக்குபவை) தயங்காமல் அழிக்கலாம். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயரும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் என் வீட்டில் எல்லாப் பெட்டிகளிலும் சரிக்குறி போட்டு ஒரே தடவையில் அழித்தேன். மகன் தவணைப் பரீட்சைக்காகத் தரவிறக்கி, விடை எழுதிச் சேமித்து வைத்திருந்த வினாத்தாள்கள் அத்தனையும் அந்தக் கோப்புறைக்குள்தான் இருந்தன. மீள்சுழற்சித் தொட்டியிலும் அவை இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இரவிரவாக உட்கார்ந்து திரும்ப எழுதினான். டவுன்லோட்ஸ் கோப்புறையை நீங்களே திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்க வேண்டும். ஷிஃப்ட் விசையோடு டிலீட்டை அழுத்தினாலும், பென்ட்ரைவில் இருப்பதை அழித்தாலும், அவை தொட்டிக்குப் போகாமல் நேரடியாக மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

தற்காலிகக் கோப்புகளால் கிடைத்தது 14 ஜிபிதான். இடத்தை உண்மையில் விழுங்கியிருந்தவை கைப்பேசியிலிருந்து இறக்கிய படங்கள். கைப்பேசி நிரம்பும் போதெல்லாம் மச்சாள் முழுவதையும் கணினியில் கொட்டியிருக்கிறாள். 'ஃபோன்', 'ஃபோன் புதியது', 'ஃபோன் கடைசி' என்றெல்லாம் நான்கு கோப்புறைகள், நான்கிலும் ஒரே திருவிழா, ஒரே பூப்புனித நீராட்டு விழா. ஒரு நிமிடக் காணொளியே 100 மெகாபைட் அளவுக்கு வரும்போது, நான்கு தடவை சேர்ந்தால் என்ன ஆகும்? பெரியவற்றைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கோப்புறைச் சாளரத்தின் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் 'சைஸ்' என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, கணிதத்தில் 'பெரியது' என்பதற்கு இடும் குறி, பிறகு 1ஜிபி என்று தட்டினால், அந்த அளவைத் தாண்டியவை மட்டும் வரும். மச்சாளும் மகளும் இரு பக்கமும் உட்கார்ந்து "இது வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்லச் சொல்லத்தான் அழித்தேன். அடுத்தவரின் படங்களில் எது வேண்டாதது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் தட்டில் எஞ்சியிருந்த தரவு 150 ஜிபிக்குச் சற்று மேல்தான். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறைகளுக்குள் கை வைக்கவே இல்லை.

கணினி தொடங்கும்போதே தானாக எழுந்திருக்கும் செயலிகளை டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் நிறுத்தலாம். வைரஸ் தடுப்பையும் ஒலி தொடர்பானவற்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்தினேன். 'கணினியை வேகமாக்கும்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருந்த இரண்டு இலவசச் செயலிகளை முழுமையாக நீக்கினேன். அவையும் பின்னணியில் ஓடித் தட்டைத்தான் அரித்துக்கொண்டிருந்தன. மச்சாளின் கணினியில் ஓடும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இப்படி ஊர் பேர் தெரியாத செயலிகளை அதில் ஏற்றுவது முன்னையிலும் ஆபத்தானது.

பிறகு மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி விசிறியில் கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். சூடேறினால் மையச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் நினைவகப் பலகையின் பொன்னிற முனைகள் மங்கிவிடுவதும் உண்டு. பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு அதைக் கழற்றி, முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மாட்டினேன்.

இவ்வளவும் செய்தும் ஓரளவுதான் வேகம் வந்தது. சுழலும் வன்தட்டு இருக்கும் வரை அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று மச்சாளிடம் நேராகச் சொன்னேன். புதிய கணினிக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கில் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்கலாம். தரவு 150 ஜிபி அளவுக்கு வந்துவிட்டதால்தான் அந்தச் சிறியதே போதுமாயிற்று. அடுத்த சனிக்கிழமை பழைய தட்டை அப்படியே அதில் பிரதியெடுத்து மாட்டினோம். கூடவே இன்னொரு 4 ஜிபி நினைவகமும் போட்டோம். இப்போது ஒரு நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. எஸ்எஸ்டி போட்ட பிறகு அதை டிஃபிராக்மென்ட் செய்ய (சிதறிக்கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்க) வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸ் தானே செய்துகொள்ளும்.

கழற்றிய வன்தட்டை உடனே அழித்து வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம். அதன்மேல் திகதியை எழுதி ஒட்டி, பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். மகளின் பரீட்சை முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும். வெளிவட்டு என் வீட்டில் இருக்கிறது.