புதுக்கோட்டையில என்ன இருக்குன்னு கேக்குறவங்க பண்ற தப்புகள்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல புதுக்கோட்டை பஸ்ல ஏறுறவங்களப் பாருங்க, முக்காவாசிப் பேரு விசேஷ வீட்டுக்குப் போறவங்க, இல்லன்னா வேலை விஷயமா போறவங்க. ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு ஒருத்தர் ஏறி நான் பாத்ததில்ல. லீவு விட்டா நம்ம மதுரைக்காரங்க கொடைக்கானல் போவாங்க, ராமேஸ்வரம் போவாங்க, கிட்டக்கன்னா பிள்ளையார்பட்டி, காரைக்குடி, அதோட வண்டி திரும்பிரும். அங்கருந்து கொஞ்ச தூரத்துல திருமயம் இருக்கு, ஆனா "அங்கிட்டுப் போயி என்ன பாக்கப் போறோம்"னு சொல்லிருவாங்க. வெளியூர்லருந்து மதுரைக்கு வர்றவங்களும் நம்மகிட்டதான வழி கேக்குறாங்க, நம்மளே இப்படிச் சொன்னா அவங்க எப்படிப் போவாங்க, அதனாலதான் இத எழுதுறேன்.

மொதத் தப்பு பஸ் ஜன்னல் வழியா பாத்துட்டு முடிவு பண்றது. திருப்பத்தூர் தாண்டுனா செம்மண்ணு, பொட்டக்காடு, வரிசையா தைலமரம், இதப் பாத்துட்டு வறண்ட ஊருன்னு பேரு வச்சிர்றாங்க. பெரிய ஆறு இல்லாத பூமிதான், அதுக்காகத்தான் அந்தக் காலத்து ஆளுங்க ஊருக்கு ஊரு கண்மாயும் ஊரணியும் வெட்டி வச்சிருக்காங்க, மழை பேஞ்ச பெறகு கார்த்திகை மார்கழியில போய்ப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. ஆலங்குடி வடகாடு பக்கம் பலாப்பழம், ஆதனக்கோட்டையில ரோட்டோரமா உக்காந்து முந்திரி வறுத்து விக்கிற பொம்பளைங்க, இதெல்லாம் அந்த "வறண்ட" மாவட்டந்தான். 1990கள் ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப ஆயிரக்கணக்கான கிராமத்துப் பொம்பளைங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதோட சைக்கிள் ஓட்டவும் கத்துக்கிட்டு ரோட்ல இறங்குனாங்க, அதுவும் இங்கதான்.

அடுத்தது, இத திருச்சியில இருந்து பிரிஞ்ச இன்னொரு சின்ன மாவட்டம்னு மட்டும் நெனைக்கிறது. மாவட்டம் ஆனது 1974ல, சரி. ஆனா 1948 மார்ச் வரைக்கும் இது தனி சமஸ்தானம்ங்க. சுத்தி நாலா பக்கமும் வெள்ளக்காரன் சீமை, நடுவுல இது மட்டும் தொண்டைமான் ராஜாங்கம், சொந்தக் காசே அடிச்சாங்க. அம்மன் காசுன்னு சின்ன செப்புக் காசு, ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்குல விஜயன்னு எழுதிருக்கும், நவராத்திரிக்கு அரிசியோட சேத்து தானமா குடுப்பாங்க. நம்ம வீட்ல மோதிரம் காணாப் போனா "அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்னு வேண்டிக்க"ன்னு பாட்டி சொல்லுவாங்கள்ல, அந்த அம்மா இவங்கதான். மதுரையில வேண்டிக்கிறவங்கள்ல எத்தன பேரு அந்தக் கோயிலுக்குப் போயிருக்காங்க? புதுக்கோட்டை டவுனை ஒட்டியே இருக்கு, குடைவரைக் கோயில். அதே திருக்கோகர்ணத்துலதான் 1910ல சமஸ்தானம் ஆரம்பிச்ச மியூசியமும் இருக்கு. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, கோயிலுக்கு வெள்ளிதான் விசேஷம்னு அன்னைக்குப் போயி பூட்டுன கேட்டப் பாத்துட்டு வந்துராதீங்க.

இன்னொண்ணு கொஞ்சம் கஷ்டமான விஷயம். புதுக்கோட்டைன்னாலே "கட்டபொம்மனக் காட்டிக்கொடுத்த ஊருடா"ன்னு ஒரு பேச்சு வரும், டீக்கடையிலயும் வரும், படிச்சவங்ககிட்டயும் வரும். 1799ல திருக்களம்பூர் பக்கம் கட்டபொம்மன் பிடிபட்டதும், தொண்டைமான் ஆளுங்க பிடிச்சு கம்பெனிக்காரன்கிட்ட ஒப்படைச்சதும், அக்டோபர்ல கயத்தாறுல தூக்குல போட்டதும் நடந்ததுதான், யாரும் இல்லைங்கல. ஆனா ஒரு ராஜா எடுத்த முடிவ அந்த மண்ணுல பொறந்த அத்தன பேரு தலையிலயும் கட்டுறது அநியாயம். தீரர் சத்தியமூர்த்தி 1887ல பொறந்தது திருமயத்துல, வெள்ளக்காரன எதுத்து ஜெயிலுக்குப் போனவரு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ல பொறந்தது புதுக்கோட்டையில, பையங்க படிக்கிற மகாராஜா காலேஜ்ல ஒரு பொண்ணச் சேக்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தப்ப சேத்துக்கங்கன்னு உத்தரவு போட்டது அதே தொண்டைமான் வம்சத்துல பின்னாடி வந்த ராஜா. அந்த அம்மாதான் பிற்காலத்துல சட்டசபையில தேவதாசி முறைய ஒழிக்கப் போராடுனாங்க, அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியக் கொண்டாந்தாங்க. இத யாரும் டீக்கடையில பேசுறதில்ல, எனக்கு அதுலதான் வருத்தம்.

இனி போறவங்க பண்ற தப்புக்கு வருவோம். சித்தன்னவாசல்னா ஓவியம், ஓவியம்னா அஜந்தா மாதிரி பெருசா இருக்கும்னு நெனச்சுப் போறாங்க. பாறையக் குடைஞ்ச சமணக் கோயில் அது, குகை சின்னதுங்க, முன்னாடி மண்டபம், உள்ள ஒரு கருவறை, அவ்வளவுதான், இதுக்கா இவ்வளவு தூரம்னு அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துர்றாங்க. அங்க செய்ய வேண்டியது சும்மா நின்னு விட்டத்தப் பாக்குறது. வெயில்லருந்து உள்ள போன கண்ணுக்கு மொதல்ல ஒண்ணும் தெரியாது, திட்டுத்திட்டா கறைதான் தெரியும், கொஞ்சம் பொறுத்தா தாமரைக்குளம் மேல எழும்பி வரும், பெரிய பெரிய இலை, மொட்டு, நடுவுல மீனு, அன்னம், யானை, எருமை, தண்ணிக்குள்ள இறங்கி நின்னு ஒருத்தரு வலது கையால பூவப் பறிக்கிறாரு, இன்னொரு கையில பூக்கூடை தொங்குது. தூண்ல ஆடுற பொண்ணுங்க, பாதி அழிஞ்சிருச்சு, மிச்சம் இருக்குற அந்தக் கையோட வளைவப் பாத்தாலே போதும். கருவறைக்குள்ள நின்னு மெதுவா ம்ம்ம்னு சொன்னா சுவரே திருப்பிச் சொல்ற மாதிரி முழங்கும். ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோ எடுக்காதீங்க, சுவத்தத் தொடாதீங்க, போனது போக மிஞ்சுனது கொஞ்சந்தான்.

பக்கத்துப் பாறையில இருக்குற கல்வெட்டு தெரிஞ்சா மதுரைக்காரங்க இந்த எடத்த விடவே மாட்டாங்க. 9ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம், இந்தக் கோயிலப் புதுப்பிச்சு முன்னாடி மண்டபம் கட்டுனது இளங்கௌதமன்னு ஒரு சமண ஆசிரியர், மதுரை ஆசிரியன்னே பேரு போட்டிருக்கு. நம்ம ஊரு ஆளு செஞ்ச வேலைங்க அது. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வாக்கிங் போறவங்க, யானைமலையில சமணர் படுக்கையப் பாத்தவங்க எல்லாரும் இத அதோட தொடர்ச்சியாத்தான் பாக்கணும்.

ஓவியத்தப் பாத்துட்டு அப்படியே திரும்பிர்றது அங்க நடக்குற அடுத்த தப்பு. ஏழடிப்பட்டம்னு சமண முனிவர்கள் தங்குன குகை ஒண்ணு இருக்கு, அதே மலைதான், ஆனா வேற பக்கம், பாறை மேல ஏறி மறுபுறம் இறங்கிப் போகணும், காலு வைக்க பாறையில ஏழு படி செதுக்கிருக்காங்க, இப்ப கம்பி வேலி இருக்கு. உள்ள வழுவழுன்னு 17 கல் படுக்கை, தலகாணியும் கல்லுலதான், பெரிய படுக்கையில தமிழி, அதாவது தமிழோட பழைய பிராமி எழுத்து இருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. அங்கருந்து கீழ பாத்தா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் வயலும் கண்மாயும். மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போயி நிக்காதீங்க, பாறை கொதிக்கும், காலையிலயே ஏறி இறங்கிருங்க. நார்த்தாமலைக்கும் இதே கதைதான், விஜயாலய சோழீச்சரம்ங்கிற சிவன் கோயில் மொட்டப் பாறை மேல இருக்கு, நிழல் கெடையாது.

திருமயத்துல கோட்டை மேல ஏறி பீரங்கியோட ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிர்றாங்க. கோட்டை 1687ல ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டுனது. ஆனா அதே மலையோட அடிவாரத்துல அதுக்கு பல நூறு வருஷம் மூத்த ரெண்டு குடைவரை இருக்கு, ஒண்ணு சிவனுக்கு, ஒண்ணு பெருமாளுக்கு, நடுவுல ஒரு சுவருதான். ரெண்டு தரப்புக்கும் வருமானத்துல தகராறு வந்து 13ஆம் நூற்றாண்டுல பஞ்சாயத்துப் பேசித் தீத்ததையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு பெருசு, பாறையோட பாறையா படுத்திருக்காரு, பீரங்கிக்காக அவர விட்டுட்டு வரலாமா?

திருச்சி ஹைவேயில போறப்ப விராலிமலை மயிலையும் முருகனையும் கும்புட்டுட்டு கொடும்பாளூர விட்டுர்றதும் அப்படித்தான். மூவர் கோயில்ல இப்ப நிக்கிறது ரெண்டு விமானம், மூணாவதுக்கு அடித்தளம் மட்டும், இந்தப் பக்கத்த ஆண்ட இருக்குவேள் வம்சத்து பூதி விக்ரமகேசரி கட்டுனது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்த வழியில சிலப்பதிகாரம் சொல்ற கொடும்பை இதுதான்.

ஆவுடையார்கோயில் பத்திச் சொல்லாம முடிக்க மனசு வரல. இது பழைய சமஸ்தானத்துல இல்ல, தஞ்சாவூர் சீமையில இருந்து மாவட்டம் பிரிச்சப்ப இங்கிட்டு வந்தது, அதனால புதுக்கோட்டைன்னு யாரும் சேத்துப் பேசுறதில்ல, மதுரைக்காரங்களுக்கு அந்த ஊரு பேரே சரியாத் தெரியல. ஆனா ஆவணியில நம்ம புட்டுத்தோப்புல கூட்டம் கூட்டமா நின்னு சாமி மண்ணு சுமந்ததக் கொண்டாடுறோமே, நரியப் பரியாக்குனத கொண்டாடுறோமே, அந்தக் கதை தொடங்குனது அங்கதான். மேலூர் பக்கத்துத் திருவாதவூர்க்காரரு மாணிக்கவாசகர், பாண்டியன் காசக் கொண்டுபோயி குதிரை வாங்காம குருந்த மரத்தடியில குருவப் பாத்து அங்கயே உருகி நின்னுட்டாரு, அந்தத் திருப்பெருந்துறைதான் இன்னைக்கு ஆவுடையார்கோயில். கருவறையில லிங்கம் இருக்காது, லிங்கத்தத் தாங்குற பீடமான ஆவுடை மட்டுந்தான். நந்தி இல்ல, கொடிமரம் இல்ல, அம்மனுக்கும் பாதம் மட்டுந்தான், பலகணி வழியா எட்டிப் பாக்கணும். புழுங்கலரிசிச் சோத்த வடிச்சு ஆவி பறக்கப் பறக்க கல்லுல கொட்டி, கீரையும் பாகற்காயும் வச்சுப் படைக்கிறாங்க. இது தெரியாம போனவங்க "சாமியே இல்லயே"ன்னு கேட்டுட்டு வர்றாங்க. கொடுங்கையப் பாக்க மறந்துராதீங்க, கூரையோட ஓரம் பூராம் மரச்சட்டம், குறுக்குச் சட்டம், அதுல அடிச்ச குமிழ் ஆணி வரைக்கும் எல்லாமே கல்லு.

இத அத்தனையையும் ஒரே நாள்ல அடைக்கிறதுதான் கடைசித் தப்பு. சித்தன்னவாசல், திருக்கோகர்ணம், திருமயம் ஒரு நாள். நார்த்தாமலை, கொடும்பாளூர் இன்னொரு நாள், அதுக்கு சொந்த வண்டி இருந்தா நல்லது, உள்ள போற டவுன் பஸ் எப்பயாவதுதான் வரும். ஆவுடையார்கோயிலுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, காரைக்குடி வழியா அறந்தாங்கி போயி அங்கருந்து தெக்க போகணும், மத்தியானம் நடை சாத்திருவாங்க, அதனால மதுரையில விடியக்காலையிலயே பஸ் ஏறிருங்க.