குன்னூர் ரயிலின் சக்கரம் கழன்று ஓடியது ஏன்? வெப் அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டேவுக்கு வெப்சைட் செய்தபோது, முகப்பில் மலை ரயிலை எஸ்விஜியாக (கோடாக எழுதும் படம்) வரைந்து, சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) சக்கரங்களைச் சுழலவிட்டேன். சக்கரம் இருந்த இடத்தில் சுற்றவில்லை. ரயிலை விட்டுக் கழன்று, படத்தின் இடது மேல் மூலையைச் சுற்றிப் பெரிய வட்டமடித்தது.

இன்றும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பக்கத்தில் இருக்கும் சாதாரண டிவ், அதாவது பெட்டி, தன் நடுப்புள்ளியில் சுழலும். எஸ்விஜிக்குள் இருக்கும் வடிவமோ மொத்தப் படத்தின் 0,0 புள்ளியை, அதாவது இடது மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு சுழலும். சுழலும் மையத்தைச் சொல்லும் டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினை சென்டர் என்று மாற்றினால் மட்டும் போதாது. அப்போதும் அது படத்தின் நடுவைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த மையத்தை எதை வைத்து அளப்பது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸை, வடிவத்தின் சொந்த எல்லையைக் குறிக்கும் ஃபில்-பாக்ஸ் என்றும் எழுதுங்கள், சக்கரம் அச்சில் உட்கார்ந்துவிடும்.

ரயிலை நகர்த்த, இடப்பக்க தூரத்தைக் குறிக்கும் லெஃப்ட் மதிப்பை மாற்றாதீர்கள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அதற்குள் லேஅவுட்டையும் (பக்கத்தில் எது எங்கே என்பதை) மறுபடி கணக்கிடச் சொன்னால் விலை குறைந்த போன் திணறிப்போகும். நகர்த்தவும் சுழற்றவும் உதவும் டிரான்ஸ்ஃபார்மும், மங்கலாக்கும் ஒபாசிட்டியும்தான் பாதுகாப்பு.

ஸ்க்ரோல் செய்யச் செய்ய அறைப் படங்கள் தோன்றும் சிஎஸ்எஸ் வித்தை குரோமுக்கு 2023-இல் வந்தது, சஃபாரிக்கு 2025-இல்தான். படங்களை முதலிலேயே மறைத்துவிட்டு அனிமேஷனை நம்பியிருந்தால், பழைய பிரௌசரில் வெற்றுப் பக்கம் மிஞ்சலாம். மறைப்பதையும், பிரௌசருக்கு அந்த வசதி இருந்தால் மட்டும் செயல்படும் சப்போர்ட்ஸ் விதிக்குள்ளேயே எழுதுங்கள். ஐபோனில் குரோமைத் திறந்து பார்த்துவிட்டு "குரோமில் சரியாக இருக்கிறது" என்று முடிவு கட்டவும் வேண்டாம். நம் ஊரில் விற்கும் ஐபோனில் குரோமுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிக முக்கியமானது. ஊட்டி அருகே கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சிலருக்குத் திரையில் படம் அசைந்தாலே அப்படித்தான். அவர்கள் போன் செட்டிங்கில் அசைவைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதை மதித்து டிரான்சிஷன் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் அசைவு) நேரத்தைப் பூஜ்யமாக்கினேன். முன்பதிவு பட்டன் வேலை செய்யாமல் போயிற்று. பட்டனைத் திறக்கும் ஸ்கிரிப்ட் டிரான்சிஷன் முடிந்த செய்திக்காகக் காத்திருந்தது. நேரம் பூஜ்யமானால் டிரான்சிஷன் தொடங்குவதே இல்லை, முடிந்த செய்தியும் வராது. பட்டன் எந்த அசைவுக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று ஸ்கிரிப்டை மாற்றினேன். இப்போது அவர்களுக்கு ரயில் ஸ்டேஷனில் நிற்கிறது, அறை பதிவாகிறது.