மாட்டெருவைப் பச்சையாகப் போடாதீர்கள்

வெள்ளவத்தையில் முற்றத்திலும் மொட்டைமாடியிலும் கத்தரி, மிளகாய் வளர்ப்பவர்களுக்கு இது. பண்ணையிலிருந்து வந்த உரப்பையைத் திறந்ததும் கண் எரிய ஒரு நெடி அடித்தால், எரு இன்னும் பதப்படவில்லை. அது அமோனியா, செடிக்குச் சேரவேண்டிய நைதரசன் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. அப்படியே போட்டு என் மிளகாய்க் கன்றுகள் ஓரம் கருகி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மாடுகளை நெருக்கி வளர்க்கும் இடங்களில் இதுவே பெரிதாக நடக்கிறது. மாடு உண்ணும் நைதரசனில் பெரும்பகுதி சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. சிறுநீர் விழுந்த ஒரு திட்டில் ஹெக்டேருக்கு 500 கிலோவுக்கும் மேல் என்ற கணக்கில் நைதரசன் சேரலாம். புல்வேர் அவ்வளவையும் உறிஞ்சாது. மிஞ்சியது நைத்திரேற்று என்ற, நீரில் எளிதில் கரையும் வடிவமாகி மழையோடு நிலத்தடி நீரில் கலக்கிறது.

ஆகவே ஒரு கூடை சாணத்துக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த இலையைக் கலந்து குவியுங்கள். இலையின் காபன்தான் நைதரசனைப் பிடித்துவைக்கும். வைகாசி மழை தொடங்குமுன் தறப்பாளால் மூடிவிடுங்கள், இல்லையேல் சத்தெல்லாம் கானுக்குள் ஓடிவிடும். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மண்வாசம் வரும். பிறகு சாடிக்கு இரண்டு கைப்பிடி போதும்.