மலைப்பாதையில் குழுவாகப் பைக் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதை. புசல்லாவைக்குக் கீழே ஒரு வளைவு. தேயிலைக் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவின் ஒன்பதாவது வண்டி ஒரு ஸ்கூட்டர். அது வேகமாக இறங்கி வந்து, லொறியைக் கண்டதும் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சறுக்கி, பாதையோர வடிகானுக்குள் விழுந்தது. முழங்கையில் தோல் உரிந்தது, பிரேக் லீவர் முறிந்தது. அதை ஓட்டிவந்த தம்பி அவ்வளவோடு தப்பினான்.

அன்று முன்வண்டி நான்தான். இரண்டு கிலோமீற்றர் தள்ளி, தேத்தண்ணிக் கடை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தகவல் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவன் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி இவ்வளவு வேகமா வந்த?"

"உங்க யாரையும் காணோம்ணே. எனக்குப் பாதையும் தெரியாது. விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

அதற்குப் பிறகு பல பயணங்களில் கவனித்துவிட்டேன். மலையகத்தில் குழுவாகப் போகும்போது நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இந்தப் பயம்தான் இருக்கிறது. தனியாக வந்தால் அந்தத் தம்பி அந்த வளைவில் 25 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போயிருக்க மாட்டான். கூட்டத்தோடு வந்ததால் போனான். ஆகவே, பின்தங்கினால் தொலைந்துபோவோம் என்ற எண்ணம் யாருக்கும் வராதபடி பயணத்தை அமைப்பதுதான் நடத்துகிறவர்களின் முதல் வேலை.

முன்வண்டி செய்யும் தவறு

முன்னால் போகிறவர் நின்றுகொண்டிருக்கும் ஒரு பஸ்ஸை முந்திவிட்டு அதே வேகத்தில் போய்விடுகிறார். இரண்டாவது ஆளுக்கு வழி கிடைக்க 15 விநாடி ஆகிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் 15 விநாடி என்றால் ஏறத்தாழ 170 மீற்றர் இடைவெளி. அதை 50 வேகத்தில் ஓடிப் பிடிக்க முழுதாக ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் 800 மீற்றருக்கு மேல் ஓடியாக வேண்டும். ரம்பொடைப் பக்கம் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வளைவு என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் இன்னும் வேகமாக ஓட வேண்டும், நான்காவது ஆள் அதைவிட. முன்வண்டி நிதானமாக 40இல் போய்க்கொண்டிருக்க, கடைசியில் வருகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்.

பஸ்ஸை முந்தியதும் முன்வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த வண்டி கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் பழைய வேகம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒரேயொரு வண்டிக்குப் பொறுப்பு. அது கண்ணாடியில் காணாமல் போனால் நீங்களும் மெதுவாக்குங்கள். உங்களுக்கு முன்னால் போகிறவர் அதைப் பார்த்துத் தானும் மெதுவாக்குவார். இப்படியே முன்வண்டிவரை செய்தி தானாகப் போய்ச் சேரும். போன் அடிக்கத் தேவையில்லை. பள்ளத்தாக்குகள் பலவற்றில் சிக்னலும் கிடைக்காது.

சந்திகளில் இன்னொரு வழக்கம் வேண்டும். ஹட்டனிலிருந்து போனால் நோர்வூட்டில் பாதை பிரிந்து, ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றது மஸ்கெலியாவுக்கும் போகிறது. அங்கே திரும்புகிறவர், அடுத்து வருகிறவர் தன்னைக் காணும்வரை பாதுகாப்பான ஓரத்தில் நிற்க வேண்டும். அவர் கண்டு கை காட்டியதும் புறப்படலாம். இந்த ஒன்றைப் புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்லி, எல்லோரும் கடைப்பிடித்தால், பாதை தெரியாத புதுப் பிள்ளைகூட தன் வேகத்தில் நிம்மதியாக வருவான். அந்த நிம்மதிதான் அவனைக் காப்பாற்றும்.

புதியவரைக் கடைசியில் விடுவது

மெதுவாக வருகிறவர் கடைசியில் வரட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நடுவில் சேரும் தாமதம் முழுவதும் அவர் தலையில்தான் விழும். புதியவரும் சிறிய எஞ்சின் வண்டிக்காரரும் முன்வண்டிக்கு நேர் பின்னால் வர வேண்டும். 110 சிசி ஸ்கூட்டர் ஏற்றத்தில் எவ்வளவு இழுக்குமோ அதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் வேகம். கடைசியில் வர வேண்டியவர் குழுவிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவர். டூல்ஸும் முதலுதவிப் பையும் அவரிடம் இருக்கட்டும். எங்கள் புசல்லாவைத் தம்பி இப்போதெல்லாம் இரண்டாவது இடத்தில்தான் வருகிறான்.

பன்னிரண்டு, பதினைந்து வண்டி சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்றாகப் பிரித்துவிடுங்கள். நீளமான வரிசையை முந்த முடியாமல் பின்னால் தவிக்கும் பஸ், வளைவு என்றும் பாராமல் முந்தப் பார்க்கும்.

பெற்றோலும் சின்ன வண்டியின் கணக்குத்தான். பெரிய பைக்கில் 12 லீற்றர் கொள்ளும், ஸ்கூட்டரில் அதில் பாதியும் கொள்ளாது. கம்பளையில் நின்றால் எல்லோரும் ஒன்றாக அடித்துக்கொள்ளுங்கள்.

வளைவில்

முன்னால் போகும் பைக்கின் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டுவது குழுவாகப் போகிறவர்களுக்கே உரிய தவறு. கண் போன பக்கம் வண்டி போகும். முன்னவர் பிழையாகப் போனால் நீங்களும் அதே இடத்துக்குத்தான் போவீர்கள். அவரைத் தாண்டி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

வலப்பக்கம் திரும்பும் வளைவில் சக்கரம் நம் பக்கத்தில் இருக்கும், ஆனால் சாய்ந்த தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும். எதிரே வரும் பஸ் அந்த இடத்தில்தான் வருகிறது. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழுப் பாதையும் தேவை. அது பஸ்காரரின் பிழை இல்லை. வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிட்டுப் போங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் இடம் கொடுப்பது மலைப்பாதையின் பழைய மரியாதை.

நேரான பாதையில் இடமும் வலமுமாக மாறி மாறி ஓடுவது சரி. வளைவு தொடங்கியதும் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி, மழையென்றால் அதில் இரு மடங்கு.

இறக்கத்தை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறத்தாழ 500இல். இடையில் 1,300 மீற்றருக்கு மேல் இறக்கம். பெற்றோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர். ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு என்பதால் அவர்களுக்காகவே இடையில் ஓரிடத்தில் நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். கருகிய வாடை வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அடுத்த டவுன்வரை பார்ப்போம் என்று இழுக்கக் கூடாது.

நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ், வான், ஓட்டோ மோதி 7 பேர் இறந்தார்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஒரு குழுவை அந்தச் செங்குத்தான இறக்கத்தில் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வருவதில்லை.

மாதத்தைப் பார்க்காமல் திகதி குறிப்பது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே காலத்தில் பண்டாரவளை, எல்ல, பதுளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் நம்பவைக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேருவது நல்லது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மண்சரிவுகள் நம் பாதைகளை என்ன செய்தன என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. போகும் வழியிலுள்ள பிரதேசத்துக்குச் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஹோட்டலுக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

குளிரையும் சாதாரணமாக எடுக்க வேண்டாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். கம்பளையில் டீசேர்ட்டோடு புறப்பட்டவர் லபுக்கலையில் மூடுபனிக்குள் நுழையும்போது விரல் விறைத்திருக்கும். விறைத்த விரல் பிரேக்கைத் தேடுவதற்குள் வண்டி பல மீற்றர் ஓடிவிடும். கையுறையும் ரெயின்கோட்டும் பையின் மேல்புறத்தில், கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தோட்டத்துப் பாதை

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவே போகும் பாதை அங்குள்ளவர்களின் முற்றம் மாதிரி. பிள்ளைகள் விளையாடும், மிளகாய் காயும், கொழுந்துக் கூடையோடு அம்மாமார் வரிசையாக நடப்பார்கள். சைலன்சரை மாற்றிய வண்டியை அங்கே முறுக்குவது அவர்களை மதிக்காத செயல். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டால் வெள்ளைச் சீருடைகள் பாதையோரம் நிறைந்திருக்கும். நடைபாதை கிடையாது. அந்த நேரத்தில் 20இல் போனால் போதும்.

நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்க வளைவிலேயே ஒன்பது வண்டியை நிறுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. வாகனம் நிறுத்த இடம் உள்ள பார்வையிடத்தை முதலிலேயே குறித்து வையுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

எல்லோரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து வளைவில் குவிவார்கள். அடுத்து வரும் லொறி அவர்கள் மேல் ஏறும். ஆகவே வேலையை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். ஒருவர் மேல்பக்கமும் ஒருவர் கீழ்ப்பக்கமும் ஐம்பது, நூறு மீற்றர் நடந்து போய் வண்டிகளை மறிக்க வேண்டும். ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும், அம்புலன்ஸ் இலவசம். விழுந்தவர் மூச்சுவிடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், எழுப்பி உட்காரவைக்கவும் வேண்டாம். மற்றவர்கள் வண்டிகளை வளைவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தட்டும்.

அழைக்கிறவர் "ரம்பொடைக்குக் கிட்ட" என்று சொன்னால் அவர்களுக்கு இடம் பிடிபடாது. பாதையோரத்தில் கிலோமீற்றர் கல் இருக்கும். பக்கத்தில் உள்ள கல்லின் இலக்கத்தையும் எந்தப் பாதை என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒருவர் அடுத்த கடைவரை போய் அங்கிருந்து அழைக்கட்டும். அவரும் மெதுவாகத்தான் போக வேண்டும்.