தர்மபுரி பக்கம் பி.ஏ. எகனாமிக்ஸ்: சேர என்ன வேணும், முடிக்க என்ன வேணும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே எனக்கு வர்ற போன்ல பாதி இதான், "அண்ணா நான் பயாலஜி குரூப், எகனாமிக்ஸ் கிடைக்குமா", "மேத்ஸ் சுத்தமா வராது, சமாளிக்கலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றத இங்க மொத்தமா எழுதிடறேன், தம்பி தங்கச்சிங்க நிதானமா படிங்க.

மொதல்ல சேர்றது. அரசு கலைக் கல்லூரில பி.ஏ. எகனாமிக்ஸுக்கு பிளஸ் டூல எந்த குரூப் படிச்சிருந்தாலும் போடலாம். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி காலேஜுங்களுக்கு டிகிரி குடுக்கறது சேலம் பெரியார் யுனிவர்சிட்டி. அப்ளிகேஷன் எல்லாம் ஆன்லைன்ல, அரசு கல்லூரிங்களுக்கு ஒரே போர்ட்டல்தான். ரேங்க் போடறப்போ தமிழ் இங்கிலீஷ் மார்க்க விட்டுட்டு மீதி 4 பாடம், 400க்கு எவ்ளோன்னுதான் பார்ப்பாங்க, அதனால மொத்தம் 600க்கு கம்மின்னு மனசு விட்டுடாதீங்க.

சர்டிபிகேட் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஆதார், மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்டிபிகேட், டிசி, இந்த நாலுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு எடுத்து வரிசையா வெச்சு பாருங்க. பென்னாகரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு ஆதார்ல இனிஷியல் பின்னாடி, மார்க் ஷீட்ல முன்னாடி, கம்யூனிட்டில அப்பா பேருல ஒரு எழுத்து வேற, கவுன்சிலிங்குக்கு மூணு நாள் இருக்கறப்போ இ-சேவைக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைஞ்சோம். ஏப்ரல்லயே பார்த்திருந்தா அந்த அலைச்சலே இல்ல. அரசு பள்ளில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச புள்ளைங்களுக்கு மாசம் 1000 ரூபா வரும், பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், அதுக்கு ஆதார் லிங்க் ஆன பேங்க் அக்கவுண்ட் கையில இருக்கணும்.

இப்போ முக்கியமான விஷயம். சேர்றதுல யாரும் பெருசா தடுமாறறதில்ல, முடிக்கறதுலதான் மாட்டிக்கறாங்க. டிகிரின்னா எகனாமிக்ஸ் பேப்பர் மட்டும் இல்லப்பா, அஞ்சு பார்ட் இருக்கு. பார்ட் ஒண்ணு தமிழ், ரெண்டு இங்கிலீஷ், மூணுதான் நம்ம மேஜரும் (எகனாமிக்ஸ் பேப்பருங்க) அலைடும் (கூட வர்ற துணைப் பாடம்) எலெக்டிவும் (நாமளே தேர்ந்தெடுக்கற பேப்பர்), நாலுல என்விரான்மென்டல் ஸ்டடீஸ், வேல்யூ எஜுகேஷன் மாதிரி சின்ன பேப்பருங்க, அஞ்சு என்எஸ்எஸ் மாதிரி எக்ஸ்டென்ஷன், அதாவது வகுப்புக்கு வெளிய செய்யற சேவை வேலை. ஒவ்வொரு பேப்பருக்கும் இவ்ளோன்னு ஒரு கணக்கு இருக்கு, அதுதான் கிரெடிட், எல்லாம் சேர்ந்து 140 கிரெடிட். பேப்பருக்கு இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடற மார்க், 25, செமஸ்டர் எக்ஸாம் 75, அந்த 75ல 30 எடுக்கணும், மொத்தம் 40 வரணும். இன்டர்னல் முழுசா 25 வாங்கி எக்ஸாம்ல 28 எடுத்தா கூட பெயில்தான், நல்லா மனசுல வெச்சுக்கோங்க. வருகை 75 சதவீதம். என்கூட படிச்ச ஒருத்தன் மேஜர்ல எல்லாம் பர்ஸ்ட் கிளாஸ், என்விரான்மென்டல் ஸ்டடீஸ "அது சும்மா பேப்பர்"னு விட்டு அரியர் வெச்சான், எங்க எல்லாருக்கும் டிகிரி வந்துச்சு, அவனுக்கு வரல, அந்த வருஷம் எம்.ஏ. சேர முடியாம போச்சு. இன்னிக்கும் அத நெனைச்சா எனக்கு வயிறு எரியும்.

மேத்ஸ் பயம் பத்தி. ஸ்டாட்டிஸ்டிக்ஸும் மேத்தமேட்டிக்ஸ் பார் எகனாமிக்ஸும் கட்டாயம் வரும், தப்பிக்க முடியாது. ஆனா மீன், மீடியன்ல ஆரம்பிச்சு கோரிலேஷன் வரைக்கும் தினம் ரெண்டு கணக்கு கையால போட்டா வந்துடும். டிமாண்ட், சப்ளை வரைபடம் (வெலை மாறினா வாங்கறதும் விக்கறதும் எப்படி மாறுதுன்னு போடற கோடு) புரியலன்னா விடிகாலைல ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு ஒரு தடவை போய் நில்லுங்க. ஒரே நாள்ல லோடு குமிஞ்சா பெட்டி வெலை சரசரன்னு எறங்கும், பறிச்ச கூலி கூட வராதுன்னு ரோட்டோரமா கொட்டிட்டு போவாங்க. ஏன் அவ்ளோ எறங்குது? வெலை பாதியாச்சுன்னு எந்த வீட்லயும் ரசத்துக்கு ரெண்டு மடங்கு தக்காளி போட மாட்டாங்க, பழுத்தத விவசாயி வீட்ல வெச்சு காப்பாத்தவும் முடியாது. வெலை மாறினா வாங்கற, விக்கற அளவு எவ்ளோ மாறுதுங்கறதுதான் எலாஸ்டிசிட்டி, அது கம்மின்னு புத்தகத்துல இருக்கறது இதுதான். கிருஷ்ணகிரி மாங்கா கொஞ்சம் வேற, கூழ் பேக்டரி வாங்கி டின்ல அடைச்சு வெச்சுக்குது, அதனால அங்க வெலை ஏறி எறங்கற கணக்கே வேற மாதிரி இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வெச்சு வரைஞ்சு பாருங்க.

பிளஸ் டூல மேத்ஸ் எடுக்காதவங்களுக்கு ஒரு கதவு மூடியிருக்கு, டெல்லி யுனிவர்சிட்டி எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்கு பன்னெண்டாவதுல மேத்ஸ் இருக்கணும். அதனால இப்போ பத்தாவது முடிச்சுட்டு குரூப் எடுக்கப்போற தம்பி தங்கச்சி வீட்ல இருந்தா இத இன்னிக்கே சொல்லிடுங்க. மத்தவங்க இங்கயே பி.ஏ. முடிச்சு எம்.ஏ. போங்க, அதுக்கப்புறம் யுபிஎஸ்சி நடத்தற இந்தியன் எகனாமிக் சர்வீஸ் எழுதலாம், எம்.ஏ.வோட பி.எட். முடிச்சா பிளஸ் டூ எகனாமிக்ஸ் வாத்தியார் வேலைக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதலாம்.